கண்ணாடியில் விரிசல், காப்பீட்டில் ஓட்டை!

தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் போன கார்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். 'டிக்'கென்று ஒன்று. முன்பக்கக் கண்ணாடியில் மிளகளவு ஒரு புள்ளி. அப்புறம் என்ன? அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பிள்ளையாரையும் தாண்டி ஒரு கோடு கிளம்பி வைப்பர் வரைக்கும் போயிருக்கும். அதற்கும் பதில் தயார்: "கோடுதானே, கண்ணாடி விழவா போகுது?"

விழாதுதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது அது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும். இது படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரான்சில் எதுவார் பெனடிக்டஸ் 1909-ல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்தது.

ஆனால் விழாமல் இருப்பது மட்டுமா அதன் வேலை? பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுக்கிறது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. இரவில் எதிரே வருகிற ஹைபீம் விரிசலில் பட்டுச் சிதறினால், சாலையைக் கடக்கிற ஆள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆக, "கோடுதானே" என்கிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை.

சரி, கார்க்காரரை மட்டும் திட்டினால் போதுமா? போதாது. அவர் சோம்பேறி இல்லை, கணக்குப் போட்டவர்! அந்தக் கணக்கையும் பாருங்கள்.

இந்திய மோட்டார் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி மதிப்பைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. கேட்க இனிமையாக இருக்கிறதா? இங்கேதான் 'நோ கிளெய்ம் போனஸ்' குறுக்கே வருகிறது. கிளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம்.

ஒருவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவது 5,000. கண்ணாடி மாற்ற 6,000 ஆகிறது. சிறிய காருக்கு வழக்கமாகப் பிடிக்கிற 1,000 போக, கைக்கு வருவது 5,000.

இனி அவர் இழப்பது? பிரீமியம் மாறாமல் இருந்தால், அடுத்த வருடம் 5,000 கூடுதல். அதற்கடுத்து 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500 ரூபாய்! ஐயாயிரம் வாங்கப் போய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் காப்பீடா? இந்த போனஸைக் காப்பாற்றவே தனியாக ஒரு ஆட்-ஆன் விற்கிறார்கள். அதற்கும் ஒரு பிரீமியம்! விவரம் தெரிந்தவர் கிளெய்ம் போடமாட்டார். கையில் பணமில்லாதவர் மாற்றவும் மாட்டார். விரிசலோடு வண்டி ஓடும்.

சின்னச் சின்ன கிளெய்ம்கள் குவியாமல் தடுக்கத்தான் போனஸ் என்பார்கள். பம்பர் கீறலுக்கு அந்த வாதம் சரி. கீறல் வளராது, பார்வையை மறைக்காது. விரிசல் இரண்டையும் செய்யும். அதுவும் புள்ளியாக இருக்கும்போதே ரெசின் ஏற்றி, புற ஊதா ஒளியில் இறுக வைத்து அடைத்துவிட்டால், கண்ணாடி மாற்றுவதில் ஒரு சிறு பங்குதான் செலவு. அதை போனஸைத் தொடாமல் கொடுத்தால் நிறுவனத்துக்கே லாபம். இது ஒன்றும் கனவு இல்லை. பிரிட்டனில் பல நிறுவனங்கள் கண்ணாடி கிளெய்முக்காக போனஸில் கை வைப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், விரிவான காப்பீடு இருந்தால் முன்பக்கக் கண்ணாடிச் சேதத்துக்கு வாடிக்கையாளர் பங்கு என்று எதையும் பிடிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

அது வரும்வரை கார்க்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான். கல் பட்ட அன்றே புள்ளியின் மேல் தெளிவான டேப் ஒட்டவும். தூசும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் ஏசியைச் சட்டென்று முழு வேகத்தில் திருப்பாதீர்கள். ஃபெவிக்விக் வைத்தியம் வேண்டவே வேண்டாம். சொந்தக் காசில் அடைத்துவிடுங்கள், மேலே உள்ள கணக்குப்படி அதுதான் மலிவு. ஓட்டுநர் பார்வைக்கு நேரே விழுந்திருந்தாலோ, கோடாக நீண்டிருந்தாலோ, கணக்குப் பார்க்காமல் கண்ணாடியை மாற்றிவிடுங்கள்.

பிள்ளையார் விக்கினம் தீர்ப்பார். விரிசலை அடைக்க அவரை ஸ்டிக்கராக ஒட்டுவது கொஞ்சம் ஓவர்!