துப்பறிதலும் விசாரித்தலும்

வரன் பார்க்கும்போதும், இல்லறத்தில் ஐயம் புகுந்தபோதும் தனியார் துப்பறிவாளரை நாடுவது இன்று வழக்கமாகி வருகிறது. இத்தொழிலை நெறிப்படுத்த 2007ஆம் ஆண்டு மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஆனால் மார்க்கம் இதற்கொரு வரம்பு கட்டியிருக்கிறது.

அருள்மறையின் ஹுஜுராத் அத்தியாயம், 12ஆம் வசனம் வீண் ஐயத்தையும், பிறர் குறையைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் ஒருசேர விலக்குகிறது. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. ஐயம் துருவத் தூண்டுகிறது. துருவிக் கண்டதோ நாவிலேறிப் புறமாகிறது.

அவ்வாறாயின், ஏமாற்றை அறிய முயல்வதே பாவமா? அன்று. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அம்மையார் தம்மை மணம் பேசியவர்களைப் பற்றிக் கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்று மறைக்காமல் உரைத்தார்கள். நாயகத்தின் கரம் நுழைந்தது விற்பனைக்கு வைத்த குவியலுக்குள். வணிகரின் வீட்டுக்குள் அன்று. அம்மையாரும் ஒளிந்து நின்று அறியவில்லை, நேரே கேட்டார்கள்.

நமது மதுரையிலேயே இதற்கொரு வழக்கு உண்டு. மணவிலக்குக் கோரிய கணவர் ஒருவர், மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அவரறியாமல் பெற்றுப் பரமக்குடி நீதிமன்றத்தில் சான்றாக வைத்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தரங்கம் மனைவிக்கும் உரிய உரிமையெனக் கூறி, 2024 அக்டோபரில் அச்சான்றை ஏற்க மறுத்தது. ஆயினும் வேறொரு வழக்கில், கணவன் மனைவி தமக்குள் பேசியதை ஒருவர் இரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணவழக்கில் சான்றாகக் கொள்ளலாமென உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஒரு சான்றை ஏற்பது வேறு. அதைத் திரட்டிய செயலை ஆண்டவன் ஏற்பது வேறு.

அன்பர்களே! துப்பறிவாளருக்கு வேலை தருவது யார்? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்னும் பழமொழியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாமே அல்லவா? மேலூரிலோ திருமங்கலத்திலோ வரனைப் பற்றிக் கேட்டு வருவோரிடம், "நமக்கேன் வம்பு?" என்று மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தையும் கடனையும் மறைக்கிறோம். இது பெருந்தன்மை அன்று. ஒரு பெண்ணின் வாழ்வுக்கு இழைக்கும் துரோகம். கேட்பவர் நோக்கத்தைச் சொல்லிக் கேட்கட்டும். அறிந்தவர் தேவையான அளவுக்கு உண்மையைச் சொல்லட்டும். உண்மை வாசல் வழியே வந்தால், சுவரேறிப் பார்க்க ஆள் வைக்கத் தேவையில்லை.

அல்லாஹ் நம் நாவுகளையும் இல்லங்களையும் காத்தருள்வானாக!