சிறைச்சாலை ஆஸ்பத்திரிக் குமாஸ்தா

சிறைச்சாலை என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர்கள் யார்? மீசையை முறுக்கிக்கொண்டு சூபரின்டென்டெண்ட் வருகிறார். சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வார்டர் வருகிறார். கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு டாக்டர் வருகிறார். கடைசியாகக் கைதி வருகிறார். இவர்களுக்கெல்லாம் பின்னால், காகிதக் குவியலுக்கு நடுவே ஒருவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்தான் சிறை வைத்தியப் பகுதியின் நிர்வாக உத்தியோகஸ்தர். சுருக்கமாகச் சொன்னால், ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. இந்த வாரம் அவரைப் பற்றி நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

"குமாஸ்தாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாள் மிளகுக் கஷாயம் குடிக்கிறோம். இரண்டாம் நாள் டாக்டர் வீட்டுக்கு நடக்கிறோம். அவர் மருந்து கேட்கவில்லையென்றால் வேறொரு டாக்டரிடம் போகிறோம். கைதிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவருடைய பெயர் டாக்டரின் பட்டியலில் ஏறினால் அறைக் கதவு திறக்கும், ஏறாவிட்டால் திறக்காது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் நம் குமாஸ்தா.

இந்த உத்தியோகத்தின் வேரைத் தேடிப் போனால் இங்கிலாந்தில் ஜான் ஹோவர்டு என்ற புண்ணியவானிடம் போய்ச் சேருகிறோம். 1773-ல் அவர் பெட்ஃபோர்டுஷையர் ஜில்லாவின் ஷெரீப் ஆனார். அந்தப் பதவி வகித்த மற்றவர்கள் எட்டிப் பார்க்காத சிறைக் கூடங்களுக்குள் அவர் நுழைந்து பார்த்தார். தூக்கு மேடையில் இறந்தவர்களைவிடச் 'சிறை ஜுரம்' கண்டு இறந்தவர்களே அதிகம் என்று கண்டார். அந்த ஜுரத்தைப் பரப்புவது உடையில் ஒட்டும் பேன் என்பது 1909-ல்தான் தெரிய வந்தது. ஆயினும் அழுக்கும் நெரிசலுமே காரணம் என்பதை ஹோவர்டின் மூக்கே அவருக்குச் சொல்லிவிட்டது. அவருடைய முயற்சியால் 1774-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வருஷந்தோறும் சிறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு வைத்தியரை நியமிக்க வேண்டும் என்று அது விதித்தது. அதோடு நிற்கவில்லை. கைதிகளின் தேக நிலையைப் பற்றி அந்த வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் நீதிபதிகளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கணக்கும் எழுத வேண்டும் என்ற கொள்கை அப்போதே பிறந்துவிட்டது.

ஊரார் அனைவருக்கும் இலவச வைத்தியம் அளிக்கும் தேசிய சுகாதார ஸ்தாபனம் 1948-ல் அந்நாட்டில் ஏற்பட்டது. ஆனால் சிறைச்சாலைகள் அதற்கு வெளியே நின்றன. சிறைக்குள் வைத்தியம் சிறை இலாகாவின் பொறுப்பாகவே இருந்து வந்தது. அந்தப் பொறுப்பு முழுவதும் சுகாதார ஸ்தாபனத்தின் கைக்கு வர 2006 வரையில் ஆயிற்று.

இன்று அங்கே இந்தக் குமாஸ்தாவின் நாள் எப்படிக் கழிகிறது? காலையில் வாசலில் கைப்பேசியை ஒப்புவித்துவிட்டு, சாவிகளை வாங்கி இடுப்புச் சங்கிலியில் மாட்டிக்கொள்கிறார். எத்தனையோ கதவுகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் மறுபடி பூட்டிவிட்டுத் தம் மேஜைக்குப் போய்ச் சேருகிறார். முதல் நாள் இரவு புதிதாக வந்தவர்கள் யார், அவர்கள் வெளியே என்ன மருந்து சாப்பிட்டு வந்தார்கள் என்று பார்க்கிறார். அவரவருடைய ஊர் டாக்டருக்கு எழுதிப் பழைய வைத்தியக் குறிப்பை வரவழைக்கிறார். பிறகு கைதிகள் போட்ட மனுச் சீட்டுகளை எடுக்கிறார். அவர்களில் எழுதப் படிக்கத் தடுமாறுவோர் பலர். 'வயிறு சரியில்லை' என்று இரண்டே வார்த்தை கோணல் எழுத்தில் இருக்கும். அது அஜீரணமாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிப்பது குமாஸ்தாவின் வேலையன்று. அந்தச் சீட்டு அன்றைக்கே நர்ஸின் கையில் சேரும்படி செய்வதுதான் அவர் வேலை.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். ஒரு கைதிக்குத் தொண்டையில் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஆஸ்பத்திரியில் நிபுணர் பார்க்க வேண்டும். குமாஸ்தா எழுதித் தேதி வாங்குகிறார். கூடப் போக வழக்கமாக இரண்டு காவலர் வேண்டும். அன்று காலை சிறையில் ஏதோ கலவரம், ஆள் போதவில்லை. பிரயாணம் ரத்து! நஃபீல்டு டிரஸ்டு என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் கணக்கெடுத்ததில், 2017-18-ம் வருஷத்தில் இங்கிலாந்துக் கைதிகளுக்குக் குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரித் தேதிகளில் பத்துக்கு நான்கு இவ்விதம் நழுவிப் போயிருந்தன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தப்பிப்பதற்கு ஏற்பாடு செய்துவிடுவார் என்ற பயத்தினால், ஆஸ்பத்திரித் தேதியைக் கைதிக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே தேதி தவறிப் போனது அவருக்கே தெரியாது. அவருடைய மனைவிக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்களோ 'நோயாளி வரவில்லை' என்று ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். "இந்த மனிதருக்கு இன்னொரு தேதி கொடுங்கள்" என்று விடாமல் கேட்க வேண்டியவர் மேஜைக்கு முன்னால் இருக்கும் அந்த ஒருவர்தான். அவர் மறந்தால் கட்டி மறக்காது; அது பாட்டுக்கு வளரும்.

"குற்றவாளிக்கு இவ்வளவு உபசாரமா?" என்று சிலர் கேட்கலாம். நீதிபதி விதித்த தண்டனை சுதந்தரத்தை இழப்பது. நோயை அவர் விதிக்கவில்லை. விசாரணைக் கைதிக்கோ எந்தத் தண்டனையுமே இன்னும் விதிக்கப்படவில்லை. மேலும், கைதிகளில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாள் வீடு திரும்புகிறவர்கள். சிறையில் கவனிக்கப்படாத க்ஷயரோகம் அவர்களோடு தெருவுக்கு வந்து, பிறகு நம் வீட்டுக்கும் வரும். ஐக்கிய நாடுகளின் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட, நெல்ஸன் மண்டேலாவின் பெயர் தாங்கிய விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஊராருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கிடைக்க வேண்டும். அவருடைய வைத்திய ஏடு பிழையின்றி, இரகசியமாக இருக்க வேண்டும். வேறு சிறைக்கு மாற்றினால் ஏடும் கூடவே போக வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

இது நமக்குப் புதிய சங்கதியன்று. 1894-ம் வருஷத்து இந்தியச் சிறைச் சட்டத்தின் 38-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கைதி விஷயமாக டாக்டர் இடும் உத்தரவுகளை அன்றன்றே அவருடைய சரித்திரச் சீட்டில் பதிய வேண்டும். அது நிறைவேறிற்றா இல்லையா என்பதை ஜெயிலர் தேதியுடன் குறிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சட்டம் இவ்வளவு அழகாக இருந்த காலத்தில்தான் சுப்பிரமணிய சிவா 1908-ல் சிறை புகுந்தார். 1912-ல் குஷ்டரோகத்துடன் வெளியே வந்தார். 1925-ல் காலமாகும் வரையில் அந்த நோய் அவரை விடவில்லை. சீட்டு எழுத வேண்டும் என்று சட்டம் போடலாம். சீட்டிலுள்ள பெயர் ஒரு மனிதனுடையது என்ற நினைவைச் சட்டத்தால் போட முடியாது.

ஆகவே, அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இத்தகைய உத்தியோகத்துக்குப் போவதாகச் சொன்னால், "சிறையிலா வேலை?" என்று முகம் சுளிக்க வேண்டாம். "பட்டியலை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார், அப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.