சர்க்கரை ஆலைகளின் லாபமும் பெண்களின் கருப்பையும்

மகளிர் மருத்துவத்தில் அறுவை சிகிச்சை முறைகள் குறித்த ஆய்வுகள் கடந்த சில பத்தாண்டுகளில் வெகுதூரம் முன்னேறியுள்ளன. வயிற்றைக் கிழித்துத்தான் கருப்பையை அகற்ற முடியும் என்ற நிலை மாறி, பிறப்புறுப்பு வழியாகவும், சிறு துளைகள் இட்டு லேப்ராஸ்கோப்பி மூலமாகவும் அகற்றும் முறைகள் பரவலாகிவிட்டன. பெருநகர கார்ப்பரேட் மருத்துவமனைகள் ரோபோ அறுவை சிகிச்சைக்கு விளம்பரம் செய்கின்றன. ஆனால், எப்படி அகற்றுவது என்ற கேள்விக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அகற்றத்தான் வேண்டுமா? இதற்கும் மருத்துவ ஆய்வுகள் விடை தந்துள்ளன. அந்த விடை உழைக்கும் பெண்களை வந்தடையவில்லை.

ஆய்வுகள் கூறுவது

பின்லாந்தின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில், மாதவிடாயின்போது அதிக ரத்தப்போக்கால் அவதியுற்ற 236 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கருப்பை நீக்கம். மற்றொரு பிரிவினருக்குக் கருப்பைக்குள் பொருத்தப்படும், ஹார்மோன் சுரக்கும் சிறு கருவி. ஐந்தாண்டு முடிவுகள் 2004இல் வெளியாயின. கருவி பொருத்தப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் பின்னர் அறுவை சிகிச்சைக்குச் சென்றனர். பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கத்தி தேவைப்படவில்லை. வாழ்க்கைத் தரத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவோ கருவிப் பிரிவில் வெகு குறைவு.

கருப்பையுடன் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடும் வழக்கத்தையும் ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கியுள்ளன. அமெரிக்காவில் கருப்பை நீக்கம் செய்துகொண்ட 29,380 செவிலியரை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளியாயின. சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்களிடையே இதய நோயும் மொத்த இறப்பும் கூடுதலாக இருந்தன. எந்த வயதுப் பிரிவிலும் அந்த அகற்றல் ஆயுளை நீட்டிக்கவில்லை.

புற்றுநோய், பேறுகாலத்தில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு போன்ற நிலைகளில் கருப்பை நீக்கம் உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் ஐயமில்லை. தேவையின்றிச் செய்யப்படும் சிகிச்சையே இங்கு விவாதப் பொருள்.

பீட் மாவட்டத்தின் கணக்கு

மகாராஷ்டிராவின் வறட்சி மிகுந்த மராத்வாடா பகுதியைச் சேர்ந்தது பீட் மாவட்டம். ஆண்டுதோறும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டச் செல்கின்றனர். 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் இடம்பெற்ற 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். அதாவது ஆறு பேரில் ஒருவர். தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 3 சதவீதத்தினரே இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்த வேறுபாட்டுக்கு உடற்கூறில் விளக்கம் தேடிப் பயனில்லை. உழைப்பின் ஏற்பாட்டில்தான் அது இருக்கிறது.

கணவனும் மனைவியும் சேர்ந்து அங்கே ஒரே 'கோய்தா'. கோய்தா என்றால் வெட்டுக்கத்தி. 'முகாதம்' எனப்படும் ஒப்பந்தக்காரர் அந்த ஜோடிக்கு முன்பணம் கொடுக்கிறார். பருவம் முழுவதும் வெட்டி அதைக் கழிக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். வயலோரக் கூடாரத்தில் கழிப்பறை இல்லை. குளிக்கப் போதிய நீர் இல்லை. மாதவிடாய்க்கு ஓய்வு இல்லை. தொற்று வருகிறது, வெள்ளைப்படுதலும் வலியும் வருகின்றன. அரசு மருத்துவமனை தொலைவில் இருக்க, தனியார் மருத்துவமனை அருகில் இருக்கிறது. மருந்தால் தீர வேண்டிய தொல்லைக்கு, "புற்றுநோய் வந்துவிடும்" என்ற அச்சுறுத்தலோடு அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கான கடனை அடைக்க, ஆறாத தழும்போடு அடுத்த பருவத்துக்கு அதே பெண் கரும்புக் கட்டைச் சுமக்கிறாள்.

ஒப்புதல் என்னும் திரை

பெண்கள் தாங்களே விரும்பித்தானே செய்துகொள்கின்றனர் என்று மருத்துவமனைகளும் ஆலை முதலாளிகளும் வாதிடுகின்றனர். கையெழுத்து இருப்பது உண்மை. ஆனால் மாற்றுச் சிகிச்சை உண்டு என்று சொல்லப்படாத, அபராதத்துக்கும் கடனுக்கும் நடுவே நிறுத்தப்பட்ட ஒருவரின் கையெழுத்தை ஒப்புதல் என்று எந்த மருத்துவ அறமும் ஏற்காது. மாதவிடாய் உற்பத்திக்கு இடையூறு என்று கருதும் மூலதனம், அந்த இடையூறை நீக்கும் செலவையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டுகிறது.

இது பீட் மாவட்டத்தோடு முடிவதல்ல. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்தது குறித்த பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். தேவையற்ற முறையிலோ உரிய ஒப்புதல் இன்றியோ அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் கண்காணிப்புக் குழு மட்டும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளித்துவிடாது. மாற்று வழி அவளுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாற்று வழிக்கான வாய்ப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர், ஹார்மோன் சுரக்கும் கருப்பைக் கருவியை 'எமிலி' என்ற பெயரில் தயாரித்திருக்கிறது. அதை ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பதற்கு மாறாக, அந்நிறுவனத்தையே தனியாருக்கு விற்க 2021 டிசம்பரில் மோடி அரசு விருப்ப மனுக்களைக் கோரியது. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை அளித்த வாக்குறுதியும் காற்றில் விடப்பட்டது.

போராட வேண்டிய களம்

எனவே கோரிக்கைகள் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடக் கூடாது. கரும்பு வெட்டும் தொழிலாளரின் முதன்மை வேலையளிப்பவராகச் சர்க்கரை ஆலைகளை ஆக்க வேண்டும். முன்பண முறையும் அபராதமும் ஒழிய வேண்டும். கூலியுடன் கூடிய மாதவிடாய் விடுப்பு, பணியிடத்தில் கழிப்பறை, தண்ணீர், நடமாடும் மருத்துவக் குழு ஆகியவை ஆலைகளின் சட்டப்பூர்வக் கடமையாக வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் மகளிர் மருத்துவரும் ஸ்கேன் வசதியும் ஹார்மோன் கருவியும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நாற்பது வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பெண்ணின் கருப்பை நீக்கமும் மாவட்ட அளவில் தணிக்கைக்கு உட்பட வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதை மகளிர் அமைப்புகளின் தனிப் பிரச்சனை என்று ஒதுக்கிவைக்கலாகாது. கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டிய பிரச்சனை இது. ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை தானாகக் கரும்புத் தோட்டத்துக்கு நடந்து வராது. அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களே அதை அங்கே கொண்டு சேர்க்க முடியும்.