இடதுசாரி மாருதி

என் மாமனார் அரசியல் பேச மாட்டார். ஆனால் அவருடைய மாருதி 800 பக்கா இடதுசாரி! ஸ்டீயரிங்கில் பிடியை லேசாகத் தளர்த்தினால் போதும், இடது பக்கம் சாயும். சரி செய்யலாமென்று கொஞ்சம் திருப்பினால், தேவைக்கு மேல் வலது பக்கம் போய் நிற்கும். தேர்தல் நேரத்துக் கூட்டணி மாதிரி ஒரு நிலையில் நில்லாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒடுகத்தூரில் வெள்ளி என்றால் ஆட்டுச் சந்தை. விடிவதற்குள் ரோடெல்லாம் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஆள், ஆளுக்குப் பின்னால் மினி லாரி. காய்கறி வாங்கப் போன மாமா, ஒரு வெள்ளாட்டை உரசிவிட்டார். ஆடு "மே" என்றதோடு சரி. ஆட்டுக்காரர்தான் ஊரைக் கூட்டிவிட்டார்.

"இன்னா பெருசு, கண்ணு தெரியல?" என்று ஆரம்பித்தவர், உள்ளே இருப்பது யாரென்று பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாராம். "அட, சாரா! ஏன் சார், இந்த வயசுல இதெல்லாம்? வூட்ல ரெஸ்ட் எடுங்க சார்."

மாமா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். ஆட்டுக்காரர் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் அவரிடம் படித்தவர். 'பெருசு' என்றது வலிக்கவில்லை, 'ரெஸ்ட் எடுங்க' என்றதுதான் வலித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

செய்தி மாமாவுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் சென்னையிலிருந்து மச்சான் தீர்ப்பு எழுதிவிட்டான். "அப்பாவுக்கு எழுபத்திரெண்டு ஆவுது மாமா. கை நிதானமா இல்ல. நீங்க போய் சாவியை வாங்கி வெச்சிடுங்க. நான் கேட்டா கோபப்படுவாரு. மாப்பிள்ளைகிட்ட கோபப்பட மாட்டாரு பாருங்க."

அப்பாவிடம் சாவி வாங்க மகனுக்குப் பயம். அதற்கு ஒரு மாப்பிள்ளை! சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. முறுக்கு வந்தது. சாவிப் பேச்சு மட்டும் என் வாயில் வரவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதுக்குத்தானே வந்தீங்க மாப்பிள்ளே? எடுத்துக்குங்க. ஆனா ஒரு ரவுண்டு நீங்க ஓட்டிப் பார்த்துட்டு எடுத்துக்குங்க."

மாதனூர் ரோட்டில் ஓட்டினேன். ஐம்பதைத் தொட்டதும் வண்டி தன் கொள்கையைக் காட்ட ஆரம்பித்தது. புளியமரம் என் பக்கம் வருகிறது. வெட்டினால் எதிரே டவுன் பஸ் வருகிறது. மூன்று கிலோமீட்டரில் சட்டை நனைந்துவிட்டது. ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"உங்களுக்கு இன்னா வயசு மாப்பிள்ளே?"

"முப்பத்தஞ்சு, மாமா."

"கை நடுங்குதா?"

நான் பதில் சொல்லவில்லை. "மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன். வண்டி இழுக்குதுன்னா, உங்களுக்கு வயசாயிடுச்சுங்கறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றபடி டாஷ்போர்டைத் திறந்து மூன்று காகிதங்களை எடுத்தார். பக்கத்து ஊர் கடை ஒன்றில் மூன்று தடவை வீல் அலைன்மெண்ட் செய்த ரிப்போர்ட். மூன்றிலும் எல்லாக் கட்டமும் பச்சை. மெஷினே பாஸ் மார்க் போட்டபின் யார்தான் வண்டியைச் சந்தேகப்படுவார்கள்? ஓட்டுகிறவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

நான் பி.காம். எனக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும், சஸ்பென்ஷன் தெரியாது. ஆனால் முதல் வருஷ அக்கவுண்டன்சியிலேயே ஒரு விஷயம் சொல்லிக் கொடுப்பார்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடிக்கொண்டிருந்தாலும் டேலி ஆகும்! அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு அந்த வகுப்பு ஞாபகம் வந்தது.

ரோட்டோரம் ஒரு ஷெட். அங்கே ஒரு பாய். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ அக்கக்காகப் பிரித்துப் பார்த்த தலைமுறை. எங்கள் வண்டி 1999 மாடல், மூன்று தடவை ஆர்.சி. புதுப்பித்தது என்றதும் பானெட்டைச் செல்லமாகத் தட்டினார். ஸ்பானரைத் தொடவில்லை. டாக்டர் மாதிரி கேள்விதான் கேட்டார்.

"எப்ப இஸ்க்குது சார்? சும்மா போறப்பவா, பிரேக் போட்டாவா?"

சும்மா போகும்போது என்றோம். பிரேக் மிதித்தால் மட்டும் ஒரு பக்கம் போனால் அது ஸ்டீயரிங் கோளாறே இல்லையாம். ஒரு பக்கத்து பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது விடவில்லை என்று அர்த்தம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு முன்சக்கர டிரம்மோ டிஸ்க்கோ எது, அதன் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் ஒன்று மட்டும் அனலாக இருக்கும். (பக்கத்தில்தான். தொட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

"எழுபது, எண்பதுல மட்டும் உதறுதா?" இல்லை. உதறினால் வீல் பேலன்சிங், இல்லாவிட்டால் ரிம் கோணல். "முழுசா ஒடிச்சுத் திருப்புனா கடகடன்னு சத்தம்?" அதுவும் இல்லை. வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட் மூட்டு.

அடுத்து காற்று. இடது முன்சக்கரத்தில் வலதைவிட எட்டு பவுண்டு கம்மி! "காத்து எந்தப் பக்கம் கம்மியோ, வண்டி அந்தப் பக்கம்தான் போவும் சார்." இரண்டையும் சமமாக்கி ஓட்டிப் பார்த்தோம். இடது இழுப்பு பெருமளவு போய்விட்டது. மிச்சம் இருந்த கொஞ்சம், ரோட்டின் குணம். மழைத்தண்ணீர் வடிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் ரோடு போடுகிறார்கள். இடது ஓரம் போகிற நம் வண்டி இடது பக்கம் கொஞ்சம் சரியத்தான் செய்யும். அப்படியும் விடாமல் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்.

சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். பாய் விடவில்லை. "இழுப்புதான் போச்சு. அலைச்சல் போவல சார்."

உண்மைதான். வண்டி இன்னமும் நிலைகொள்ளாமல் அலைந்தது. தப்பு இரண்டு!

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது, பல் வெட்டிய ஒரு கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. கம்பியின் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு டை ராடு சக்கரத்துக்குப் போகிறது. அதன் நுனியில் நம் தோள்பட்டை மாதிரி, கிண்ணத்துக்குள் உருளும் குண்டு மூட்டு ஒன்று. அதுதான் டை ராடு எண்ட். மேலே ரப்பர் தொப்பி, உள்ளே கிரீஸ். தொப்பி கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. அப்புறம் என்ன, மாமியாரின் முழங்கால் கதைதான்.

பாய் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுக்கிற வீரம் நமக்கு வேண்டாம். இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். அசைவில்லை. அங்கே ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாக, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டினார். 'டக்'.

"சார், பிரேக்கை மிதிங்க."

மாமா மிதித்தார். மறுபடி ஆட்டினார். மறுபடியும் 'டக்'. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்காம். நிற்காவிட்டால் மூட்டு. என்னைக் குனியச் சொல்லி அந்த மூட்டின் மேல் விரலை வைக்கச் சொன்னார். மாமா ஸ்டீயரிங்கை லேசாக அசைக்க அசைக்க, விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. ரப்பர் கிழிந்து, உள்ளே காய்ந்த செம்மண்.

"இது பூரா கழண்டா இன்னா ஆவும் பாய்?"

"அந்தச் சக்கரம் உங்க பேச்சைக் கேக்காது சார். அது இஷ்டத்துக்குத் திரும்பும்."

மாமா மாதம் ஒரு தடவை சாமையும் புளியும் வாங்க பீஞ்சமந்தைக்கு மலை ஏறுகிறவர். போன மாதம் மாமியாரும் கூடப் போயிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மெஷின் பொய் சொல்லவில்லை. வண்டி அசையாமல் நின்றபோது அளந்த அளவு சரிதான். ஓடும்போது மூட்டு ஆடுவதை அது எப்படிப் பார்க்கும்? ஆட்டிப் பார்க்க வேண்டியவர் ஆட்டிப் பார்க்கவில்லை. முதலில் மூட்டு, கடைசியில்தான் அலைன்மெண்ட். எங்களுக்கு மூன்று தடவை கடைசி வேலையை முதலில் செய்து பில் போட்டார்கள். செகண்ட்ஹேண்டில் பழைய வண்டி பார்க்கப் போகும் தம்பிகளே, பெயிண்ட் மினுமினுப்பைப் பிறகு பாருங்கள். முன் டயரைக் குறுக்கே கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் ரம்பம் மாதிரி சொரசொரப்பு என்றால், சக்கரம் நேராக ஓடவில்லை.

இரண்டு பக்கமும் புது டை ராடு எண்ட் போட்டார். பழையதை எத்தனை சுற்றில் கழற்றினாரோ எண்ணி வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் புதியதை ஏற்றினார். நட்டுக்குப் புது ஸ்ப்ளிட் பின். "பின்னுல மட்டும் பழசு போடக் கூடாது சார்." பிறகுதான், வேறொரு கடையில், நான்காவது அலைன்மெண்ட். மூட்டுகள் இரண்டுக்கும் கூலி உட்பட ஆன செலவு, முதல் மூன்று அலைன்மெண்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமில்லை.

திங்கட்கிழமை வேலூரில் கண்ணையும் காட்டினோம். மாமாவே கேட்டார். கண்ணாடி பவர் பழையதே போதும் என்றார்கள். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

மச்சான் போன் செய்தான். "சாவியை வாங்கிட்டீங்களா மாமா?"

"வாங்கினேன். வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமியார் போன். "உங்க மாமா விடியறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு சந்தைக்குப் போயிட்டாரு மாப்பிள்ளே. எட்டாம் வகுப்பு 'பி'ல படிச்சவனுக்கு ஒரு பாடம் பாக்கி இருக்குதாம். அந்தப் பழைய இரும்பைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போறாரு. நீங்க எதுக்கும் ஒரு போன் போட்டுப் பாருங்க."