தனித்தியங்கும் இணையத் தொலைபேசி: வீட்டில் செய்த ஒரு சோதனை

தொலைபேசி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1882-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அன்று தொட்டு நெடுங்காலம், வீட்டிலிருந்து நிலையம் வரையில் குரலைச் சுமந்து சென்றது கம்பியே. இன்று அதன் இடத்தை ஒளியிழையும் இணையமும் பற்றி வருகின்றன. இம்மாற்றம் வரவேற்கத் தக்கதே. ஆயினும், இதனால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என்று கணக்கிட்ட பின்னரே பழையதைக் கைவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தில்லியில் என் இல்லத்தில் சில மாதங்களாகச் சோதித்துவரும் ஓர் இணையத் தொலைபேசியே இந்த அபிப்பிராயத்திற்குக் காரணம்.

இக்கருவிக்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. பார்வைக்கு இது சாதாரண மேஜைத் தொலைபேசியே. வீட்டிலுள்ள ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைத்து, சேவை அளிப்போர் தந்த பெயரையும் கடவுச்சொல்லையும் பதிந்துவிட்டால், மணி ஒலிக்கத் தொடங்கிவிடும். இதன் உள்ளே நிகழ்வதோ விந்தையானது. கருவி நம் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் குறிக்கிறது. ஆக, விநாடிக்கு 64,000 பிட்டுகள். ஜி.711 எனப்படும் இம்முறை 1972-இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டது. ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துப் பேச்சு 160 பைட்டுகள் ஆகிறது. கடிதத்திற்கு உறையிட்டு விலாசம் எழுதுவதுபோல, அதன்மேல் 40 பைட்டு அளவில் முகவரி முதலிய குறிப்புகள் சேர்ந்து ஒரு பொட்டலம் ஆகிறது. இவ்வாறு விநாடிக்கு 50 பொட்டலங்கள், அதாவது ஒரு திசையில் ஏறக்குறைய 80,000 பிட்டுகள் செல்கின்றன. நம் அரசாங்கம் 2023-இல் அகன்ற அலைவரிசைக்கு விதித்த குறைந்தபட்ச வேகமான 2 மெகாபிட்டில் இது 25-இல் ஒரு பங்கே.

சோதனையில் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. ஒரு குறை மட்டும் தென்பட்டது. நான் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டிலுள்ளோர் ஒரு பெரிய படத்தை இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினர். உடனே சொற்கள் நடுநடுவே அறுந்தன. இதற்குக் காரணம் எளிது. காலந்தாழ்ந்து வரும் கடிதத்தைப் படிக்கலாம். காலந்தாழ்ந்து வரும் குரல் துண்டைக் கேட்க இயலாது. கருவி அதைத் தள்ளிவிடுகிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்கு உட்பட்டிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது வல்லுநர் வகுத்த அளவு. ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் தருமாறு ஏற்பாடு செய்ததும் அக்குறை நீங்கிற்று.

ஆனால், இரண்டாவது குறை அத்துணை எளிதாக நீங்குவதன்று. மே மாதத்தில் ஒரு மாலை புழுதிப்புயல் வீசி, மின்சாரம் நின்றது. அவ்வேளையில் என் தாயாருக்கு மூச்சுத் திணறல் உண்டாயிற்று. அவர் பழக்கத்தினால் மேஜைத் தொலைபேசியை எடுத்தார். அதில் ஒலியே இல்லை. தொலைபேசி, ரவுட்டர், ஒளியிழைப் பெட்டி ஆகிய மூன்றும் வீட்டு மின்சாரத்தை நம்பியவை. மூன்றும் ஒருங்கே உயிரிழந்திருந்தன. பக்கத்து வீட்டாரின் கைபேசியால் மருத்துவரை அழைத்தோம், தாயார் நலமடைந்தார். பழைய கம்பி இணைப்பை நான் அதற்கு முந்திய மாதமே ஒப்படைத்துவிட்டிருந்தேன். அப்பழைய தொலைபேசிக்கு நிலையத்திலுள்ள மின்கலங்களே 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பின. ஊர் இருண்டாலும் அது பேசிற்று. அந்தக் காப்பு அகன்றதை நான் உணரவில்லை.

எவரும் எனக்குச் சொல்லவில்லையா எனில், சொல்லியிருந்தனர். கருவியுடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் அவ்வெச்சரிக்கை இருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நானே அதைப் படிக்கவில்லை. அவ்வாறிருக்க, என் தாயார் எங்ஙனம் அறிவார்? பயன்படுத்துவோரின் மொழியில் இல்லாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது.

இணையத் தொலைபேசிக்கு நம் நாட்டில் 2002-இல் வரையறையுடன் அனுமதி கிடைத்தது; 2018-இல் அவ்வரையறை பெரிதும் தளர்த்தப்பட்டது. சட்டம் வழி திறந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது பொறுப்பு. கருவியைத் தருவோர், மின்கலத்துணையையும் உடன் தரவேண்டும். எச்சரிக்கையை அவ்வப் பிரதேச மொழியில், கருவியின் மீதே ஒட்டவேண்டும். வேறோர் இடத்திற்கு எடுத்துச் சென்றாலும் இக்கருவி அதே எண்ணுடன் இயங்கும். ஆதலின் 112-ஐ அழைக்கும்போது, இருக்குமிடத்தை வாய்விட்டுக் கூறவேண்டும் என்பதையும் அதில் சேர்க்கவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மூன்று கருவிகளும் சேர்ந்து 15 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் உள்ளது 84 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தாலும் நான்கு மணி நேரம் பேசலாம். நான் இப்போது அத்தகைய ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன்.

கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கோ சுகாதார நிலையத்திற்கோ இக்கருவி வந்தால் மகிழ்வுடன் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால், பழைய இணைப்பைத் துண்டிக்குமுன், ஒரு நாள் மாணவர்களை அருகில் வைத்துக்கொண்டு, மின்சாரத்தின் பிரதான விசையை நிறுத்திவிட்டு, தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். எக்கண்ணி முதலில் அறுகிறது என்று அவர்களே கண்டறியட்டும். அது ஒரு நல்ல விஞ்ஞானப் பாடம். ஒரு நாள் ஓர் உயிரையும் காக்கக் கூடும்.