'ஆனால்' எங்கே வரணும்?

புத்தளத்தில் என் தங்கச்சி உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிறா. கொப்பி நிறையப் பைத்தன் செய்நிரல்கள். "இந்த இஃப் என்ன செய்யுது?" எண்டு கேட்டேன். "தெரியா நானா, பாடமாக்கி வெச்சிருக்கேன்" எண்டா. சிரிக்க முடியல்ல. நானும் அப்படிப் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினேன். இப்ப கலைப்பீடத்தில் இருக்கிறேன்.

அன்றைக்கு அவளுக்கு 'எழில்' காட்டினேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. 2009இல் ஓர் ஆய்வுக்கட்டுரை மூலம் அதை அறிமுகப்படுத்தினார். எங்க ஊர் உப்பளத்தை வைத்தே ஒன்று எழுதினோம்:

@( மழை > 0 ) ஆனால்
  பதிப்பி "உப்பைக் கிடுகால் மூடு"
இல்லை
  பதிப்பி "உப்பு வாரலாம்"
முடி

வாசிச்சதும் அவளுக்கு விளங்கிட்டு.

"இங்கிலிஷ் சொல்லைத் தமிழாக்கினா போதுமா, இது விளையாட்டுச் சாமான்" என்று சிலர் சொல்லுவாங்க. சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் அவங்க சொல்றது சரி. பைத்தன் மாதிரி 'ஆனால்' என்று வரியைத் தொடங்கிப் பாருங்க: இஃப் இல்லை, 'பட்' என்றுதான் காதில் விழும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. நாம பேசுற ஒழுங்கே அதுதான்.

இது சும்மா வரல்ல. 'ஆனால்' வருமா, 'வரை' வருமா என்று தெரியாமலே கணினி நிபந்தனையை வாசிக்க வேண்டும். அதற்குத்தான் முன்னால் அந்த @ குறி: "இதோ நிபந்தனை வருது, அடுத்த சொல்லைப் பார்த்து முடிவெடு" என்று சொல்வதற்கு. ஒரு சின்னக் குறி, தமிழ் இலக்கணத்துக்கே இடம் பிடிச்சுக் கொடுத்திருக்கு.

அதனால் என் கருத்து இதுதான். தமிழ் நிரல்மொழியில் புது வசதி சேர்க்கிறவங்க பைத்தனில் இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுவர ஓட வேண்டாம். ஒவ்வொன்றையும் சேர்க்க முன் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. பிழை வந்தால் எந்த வரியில், ஏன் என்று பிள்ளைக்கு விளங்கிற தமிழில் சொல்லுங்க.

பரீட்சைக்குத் தங்கச்சி பைத்தன்தான் எழுதணும். அது மாறாது. ஆனால் இப்ப அவ இஃப்பைப் பாடமாக்கிறதில்ல.