காதுகொடுத்துக் கேட்கும் பட்டறை

சென்ற வாரம் ஒரு நண்பர் வந்தார். தம் மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டதாகவும், அதுமுதல் வண்டி முன்போல் இழுக்கவில்லை என்றும், நல்ல டியூனிங் கடையாக ஒன்று சொல்லவேண்டும் என்றும் கேட்டார். விலாசம் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படியொரு விலாசம் கிடைப்பதற்குள் நான் இரண்டு வருஷம் அலைந்தவன். அந்த அலைச்சலில் கற்றது கடையின் பெயரை அல்ல, கடையின் லட்சணத்தை. ஆகையால் அவரை உட்காரவைத்து என் வண்டியின் பூர்வோத்தரத்தைச் சொன்னேன். இங்கும் அதையே எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளது 1993-ஆம் வருஷத்து புல்லட் 350. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்து, 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் வேரூன்றி, தாய்நாட்டில் உற்பத்தி நின்ற பின்னும் நம் ஊரில் நிற்காமல் வளர்ந்த வம்சத்தைச் சேர்ந்தது அது. 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர். அவசரமில்லாமல் அடிவயிற்றிலிருந்து இழுக்கும் சுபாவம். எனக்கு முன் வைத்திருந்தவர் அதன் நீண்ட சைலன்ஸரைக் கழற்றிக் குட்டையான ஒன்றைப் பொருத்தி, காற்று வடிகட்டும் பெட்டியையும் எடுத்துவிட்டு, கார்பரேட்டரின் வாயிலேயே கூம்பு ஃபில்டர் ஒன்றைச் செருகியிருந்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதி ஆக்ஸிலேட்டரில் போகும்போது மூச்சு முட்டியவனைப்போலத் திணறும். கையை விட்டால் பின்னால் பட்டாசு வெடிக்கும். இருபது மைல் ஓடினால் இஞ்ஜினின் அனல் முழங்காலைச் சுடும். பளபளவென்றிருந்த குரோமியக் குழாய் தலையருகில் நீலம் பாய்ந்து கிடந்தது.

காரணம் ரகசியமல்ல. பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் அதன் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் புகைக்கும் எவ்வளவு தடை இருக்கும் என்று அளந்து பார்த்தே தொழிற்சாலையில் கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் துளைகளான ஜெட்டுகளை நிர்ணயிக்கிறார்கள். தடையை நாம் நீக்கிவிட்டு ஜெட்டைத் தொடாமல் விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவை சூட்டைத் தரும், பலத்தைத் தராது. போதாக்குறைக்கு இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக ஆக்ஸிஜனைத் தானே சுமந்து வருவதால், அதன் ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டோடு ஓடும் பழைய வண்டி, ஒன்றும் மாற்றாமல் வைத்திருந்தாலும், இன்று சற்று மெலிந்தே ஓடுகிறது. மாற்றம் செய்த வண்டியின் நிலைமையைச் சொல்லவேண்டியதில்லை.

முதலில் போன கடையில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்து, "மெயின் ஜெட் சின்னது சார்" என்று தீர்ப்புச் சொல்லி, பெரியதொன்றைப் போட்டு, அரைமணியில் அனுப்பிவைத்தார்கள். திணறல் அப்படியே இருந்தது. முழு வேகத்தில் கரும்புகை சேர்ந்துகொண்டது. இரண்டாவது கடைக்காரர், சைலன்ஸருக்குள் இருந்த தடுப்பையும் வெட்டி எடுத்தால் வண்டி பறக்கும் என்றார். என் புத்தி மழுங்கியிருந்த வேளை, சம்மதித்தேன். வண்டி பறக்கவில்லை. தெருக்கோடியில் திரும்பும்போதே எங்கள் வீதியில் உறங்கும் குழந்தைகள் விழித்துக்கொண்டன. அந்தச் சப்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறர் தூக்கத்தைக் கெடுத்துப் பெறும் சந்தோஷம் எனக்கு வேண்டாம்.

மூன்றாவதாகப் போனது தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறை. பெயர்ப்பலகை இல்லை, ஒரு வேப்பமரம், அதன் நிழலில் நான்கு வண்டிகள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெக்கானிக், நான் கிக்கரில் கால் வைத்ததும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். மொதல்ல உக்காருங்க. என்னென்ன மாத்தியிருக்கு, யார் மாத்தினாங்க, நீங்க எங்கெங்க ஓட்டுறீங்க, சொல்லுங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். திணறுவது எந்த வேகத்தில், எந்தக் கியரில், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கையில் என்று கேட்டார். தனியாக ஓட்டுவேனா, பின்னால் யாராவது உட்காருவார்களா என்றும் கேட்டார். எல்லாம் முடிந்த பின்,

"வண்டிய விட்டுட்டுப் போங்க. டேப்பெட்டு ஆறின இஞ்ஜின்லதான் பாக்கணும். காலையில ஆறு மணிக்கு வாங்க" என்றார்.

"இன்னைக்கே முடியாதாண்ணே?"

"முடியும் சார். ஆனா சரியா இருக்காது."

அந்த ஒரு பதிலில்தான் நான் தேடிவந்த இடத்துக்கு வந்துவிட்டேன் என்ற நிச்சயம் எனக்கு உண்டாயிற்று. வைத்தியரிடம் போனால் நாடி பார்க்குமுன் மருந்தை நீட்டுகிறவரை நாம் நம்புவதில்லை; யந்திர விஷயத்தில் மட்டும் ஏனோ நம்பிவிடுகிறோம்.

மறுநாள் காலையில் நான் கண்ட காட்சியை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். கார்பரேட்டரை அவர் தொடவேயில்லை. வலப்பக்கத்து டேப்பெட் மூடியைக் கழற்றி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலைக்கு இஞ்ஜினைக் கொண்டுவந்து, உள்ளே நின்ற தள்ளுகம்பிகளை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்துச் சுழற்றினார். அந்தக் கம்பி விரலுக்குத் தடையின்றிச் சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் அணுவளவும் ஆடக்கூடாது. புகைவழிக் கம்பி இறுகிக் கிடந்தது. அதைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டு என்னையும் கூப்பிட்டுச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் பூசிய அந்தக் கம்பி என் விரலிடையே வழுக்கிக்கொண்டு சுழன்ற சுகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்து, பொறியை உண்டாக்கும் பாயிண்ட். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து 0.35 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக வைத்தார். பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் துளை வழியே கோடு கிழித்த சைக்கிள் கம்பி ஒன்றை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தைக் கண்டு நிறுத்தினார். சிகரெட்டின் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்டின் இரு உதடுகளுக்கிடையே செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு, தாளை லேசாக இழுத்தபடியே தட்டைத் திருப்பினார். பிடித்திருந்த தாள் எந்தக் கணத்தில் கழன்று கையோடு வருகிறதோ, அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கும். விலையுயர்ந்த கருவி ஒன்றுமில்லை. ஒரு கம்பியும் ஒரு துண்டுத் தாளும்தான். குழாய் தலையோடு சேரும் இடத்தில் படிந்திருந்த கரியைக் காட்டி, "பட்டாசு வெடிச்சது பாதி இதனாலதான், இங்க காத்து உள்ள போவுது" என்று சொல்லி அந்த மூட்டையும் அடைத்தார்.

இவ்வளவும் ஆன பிறகே கார்பரேட்டருக்கு வந்தார். ஆக்ஸிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று மூன்று கோடுகள் போட்டார். கால் வரையில் பெரும்பாலும் பைலட் ஜெட்டின் ஆதிக்கம், அங்கிருந்து முக்கால் வரை ஊசியின் ஆதிக்கம், அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டுக்கு வேலை. என் வண்டி திணறியது பாதியில். முதல் கடைக்காரர் மாற்றியதோ முக்காலுக்கு மேல் பேசுகிற ஜெட்டை! நோய் ஓரிடம், மருந்து வேறிடம். என் மெக்கானிக் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினார். ஊசி அந்த அளவு உயர்ந்து பெட்ரோலுக்கு வழி விட்டது. பெரிய ஜெட்டை எடுத்துவிட்டு நடுத்தரமான ஒன்றைப் போட்டார். ஒரு மாற்றம், ஒரு ஓட்டம். மறுபடி ஒரு மாற்றம், மறுபடி ஒரு ஓட்டம். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பலித்தது என்று யாருக்குத் தெரியும்?

புதிய வண்டிகளுக்கு இந்தக் கிரமம் பொருந்தாது என்று நண்பர் ஆட்சேபித்தார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு கார்பரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் ஃப்யூயல் இஞ்ஜெக்ஷன் பிடித்துக்கொண்டது உண்மைதான். அங்கே நல்ல கடைக்காரர் வண்டியை டைனோ உருளைமேல் ஏற்றி, பின்சக்கரத்துக்கு வரும் பலத்தையும் புகையிலுள்ள கலவையின் விகிதத்தையும் அளந்து, பிறகே லேப்டாப்பில் மேப்பைத் திருத்துவார். கருவி மாறியிருக்கிறது, அளக்காமல் கைவைப்பவன் அங்கேயும் கெடுக்கத்தான் செய்வான். உருளையில் ஏற்றாமலே, எவனுக்கோ எழுதிய மேப்பை உங்கள் வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லும் கடையை விட்டு உடனே எழுந்து வந்துவிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. நல்ல கடைக்காரர் இதை நமக்கு நினைவூட்டுவார். என் மெக்கானிக் நினைவூட்டினார். தடுப்புள்ள பழைய நீள சைலன்ஸரையே புதுப்பேட்டையில் தேடி வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தேன், அதற்கேற்ப மறுபடியும் ஜெட்டைக் குறைத்தார்.

கடைசிப் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில். செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரம் வரை போனோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கேதான் இருக்கிறது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் வரும்வரை மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்கள் அந்த ஓடுபாதையில்தான் நடந்தன. பையனாக இருந்தபோது ஒரு பந்தய வண்டிக்காரருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க அங்கே வந்ததாகவும், பிளக்கைப் படிக்கக் கற்றது அந்த வெயிலில்தான் என்றும் அவர் சொன்னார். ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலையில் சிறிது தூரம் முழுக்க முறுக்கி ஓட்டி, அப்படியே கிளச்சைப் பிடித்து இஞ்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கரி பூத்திருந்தால் மிகுதி. அவர் வேட்டி நுனியால் பிடித்துக் காட்டிய பிளக்கின் பீங்கான், பால் கொஞ்சம் கூடுதலாக விட்ட காப்பியின் நிறத்தில் இருந்தது.

திரும்பி வந்ததும் ஒரு துண்டு டேப்பில் ஜெட்டின் எண்களையும் கிளிப்பின் பள்ளத்தையும் அன்றைய தேதியையும் எழுதி, டூல்பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். கழற்றிய பழைய ஜெட்டுகளைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்.

"எப்பவாவது வேற ஆள்கிட்ட போனா, இத மொதல்ல காட்டுங்க சார்" என்றார்.